'கிருமி' என்னும் சொல்லும் செவிலியரின் நுண்ணுயிரியற் கல்வியும்

முன்னுரை

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறட்பா மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துக் காட்டுகின்றது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து அம்மருந்தைக் கொடுத்துப் பேணுபவன் என்பன அந்நான்கு. இறுதியிற் கூறப்பட்டவனை வள்ளுவர் 'உழைச்செல்வான்' என்று குறிக்கின்றார். உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்தே இருந்து தொண்டாற்றுபவன் என்பது சொற்பொருள். இன்று அத்தொண்டினைச் செய்வோரைச் செவிலியர் என்கிறோம். அகப்பாடல்களில் செவிலி என்பாள் தலைவியை வளர்த்த தாய். ஓம்பி வளர்க்கும் பண்பு ஒத்திருத்தலின், அச்சொல் நோயாளியை ஓம்புவார்க்கும் உரியதாயிற்று. பழஞ்சொல் புதுப்பொருள் ஏற்று வாழ்வதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

ஆனால், எல்லாப் பழஞ்சொற்களும் இவ்வாறு இடர்ப்பாடின்றிப் புதுப்பொருளை ஏற்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர்ச் செவிலியர் பயிற்சி பெறும் மாணவியர் சிலர், நுண்ணுயிரியற் பாடத்தில் தாம் எழுதிய தமிழ்க் குறிப்பேடுகளைப் பார்த்துத் தருமாறு என்னைக் கேட்டனர். அவர்தம் பாடநூல் ஆங்கிலத்தில் உள்ளது. வகுப்பில் விளக்கம் இரு மொழியும் கலந்து நடைபெறுகின்றது. நோயாளியிடம் அவர்கள் பேச வேண்டிய மொழியோ தமிழ். சந்திப் பிழை திருத்தும் நோக்குடன் தொடங்கிய யான், ஒரு பக்கத்தில் 'கிருமி' என்னும் சொல் பன்னிரண்டு இடங்களில் வந்திருத்தலைக் கண்டேன். பாடநூலோடு ஒப்பிட்டபோது, அப்பன்னிரண்டும் ஐந்து வேறு சொற்களுக்கு ஈடாக நின்றமை புலனாயிற்று. மொழிப் பிழையென்று சிவப்பு மையால் சுழிக்கத்தக்கது அன்று இது. எனினும், ஒரு நோயாளியின் நலத்தைப் பாதிக்கவல்ல பிழை இதனுள் மறைந்திருந்தது.

நுண்ணுயிரியலைப் பயிலும் மருத்துவப் பணியாளர்க்குத் தமிழ்ச் சொற்கள் எங்கே துணை நிற்கின்றன, எங்கே மயக்கம் விளைக்கின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பலபொருள் ஒருசொல்

இம்மயக்கத்தை ஆராய்தற்குரிய அளவுகோல் நம் இலக்கணத்திலேயே உண்டு. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல்லை இரு வகையாக்குவர். ஒன்று வினைவேறுபடும் பலபொருள் ஒருசொல்; மற்றொன்று வினைவேறுபடாப் பலபொருள் ஒருசொல். 'மா' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். 'மா பூத்தது' எனின் மரம் என்பதும், 'மா ஓடிற்று' எனின் விலங்கு என்பதும் வினையால் விளங்கும். 'மா வீழ்ந்தது' எனின் எது வீழ்ந்தது என்பது விளங்காது. முன்னைய வகைச் சொல்லின் பொருள், வேறுபட்ட வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளிவுபெறும். பின்னைய வகைக்கோ அவ்வாறு தெளிவுபெற வழியில்லை. ஆதலின், இன்னது என வெளிப்படையாகக் கிளந்து கூறல் வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி.

'கிருமி' இவ்விரண்டாம் வகைச் சொல். 'கிருமி தொற்றிற்று', 'கிருமி பெருகிற்று', 'கிருமி அழிந்தது' என்னும் தொடர்களில் வினை எதுவாயினும் கிருமி எது என்பது தெளிவாகவில்லை. அது பாக்டீரியாவாக இருக்கலாம்; வைரஸாக இருக்கலாம்; பூஞ்சையாகவோ ஒட்டுண்ணியாகவோ இருக்கலாம். சொல்லளவில் வினை வேறுபடாவிடினும், செவிலியர் செய்ய வேண்டிய வினை வேறுபடுகின்றது. இஃது ஈண்டு மனங்கொள்ளத் தக்கது.

கிருமியின் பழம்பொருள்

கிருமி வடமொழியிலிருந்து வந்த சொல். அதன் முதற்பொருள் புழு. வைணவ குருபரம்பரைக் கதைகளில் இராமானுசருக்கு இடுக்கண் விளைத்த சோழ மன்னன் ஒருவன் 'கிருமிகண்ட சோழன்' எனப்படுகின்றான். கண்டம் என்பது கழுத்து. கழுத்திற் புண் தோன்றிப் புழு வைத்து அவன் மாண்டான் என்பது கதை. அக்கதையின் வரலாற்று உண்மை வேறோர் ஆராய்ச்சிக்கு உரியது. நமக்கு வேண்டுவது சொல்லின் பொருளே. அங்கே கிருமி என்பது கண்ணாற் காணத்தக்க புழு, புண்ணில் நெளிவது, பிறர் கண்டு அருவருக்கத்தக்கது.

கண்ணுக்குப் புலனாகா உயிர்களைப் பற்றிய அறிவு ஐரோப்பாவிலிருந்து வந்தபோது, பழைய கிருமி புதிய பொருளையும் ஏற்றது. புழு என்னும் பொருள் வழக்கிற் குறைந்து, நோய் தரும் நுண்பொருள் என்னும் பொருள் நிலைபெற்றது. எனினும் பழம்பொருளின் சாயல் முற்றும் நீங்கவில்லை. அழுக்குள்ள இடத்தில் கிருமி இருக்கும், தூயதாகத் தோன்றும் இடத்தில் இராது என்னும் எண்ணம் கற்றாரிடத்தும் காணப்படுகின்றது. வெள்ளை விரிப்பும் பளபளக்கும் கருவியும் கிருமியற்றன என்று கண் நம்புகின்றது. நுண்ணுயிரியல் முதலில் நீக்க வேண்டுவது இந்த நம்பிக்கையையே.

காணாததைக் கண்ட வரலாறு

ஆலந்து நாட்டு டெல்ப்ட் நகரத்துத் துணி வணிகர் ஆன்டனி வான் லேவன்ஹூக் தாமே தேய்த்த வில்லைகளின் வழியே நீரில் இயங்கும் நுண்ணுயிர்களைக் கண்டு, 1676இல் இலண்டன் அரச கழகத்திற்கு எழுதினார். 1683இல் பல்லிடுக்கில் எடுத்த அழுக்கிலும் அவற்றைக் கண்டதாக எழுதினார். ஆயினும் இவ்வுயிர்களுக்கும் நோய்க்கும் தொடர்புண்டு என்பது நிறுவப்பட ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழிந்தன.

அவ்விடைக்காலத்தில் நிகழ்ந்த ஒன்று செவிலியர் கல்விக்கு மிகவும் உரியது. வியன்னாப் பொது மருத்துவமனையில் மகப்பேற்றுப் பிரிவுகள் இரண்டு இருந்தன. முதற் பிரிவில் மருத்துவ மாணவர் பயின்றனர். இரண்டாம் பிரிவில் மருத்துவப் பெண்டிர் பயின்றனர். 1846ஆம் ஆண்டில் முதற் பிரிவில் பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலால் இறந்த தாய்மார் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல். இரண்டாம் பிரிவில் நூற்றுக்கு மூவர்க்கும் குறைவு. இவ்வேறுபாட்டின் காரணத்தை நாடியவர் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர். 1847 மார்ச்சுத் திங்களில் அவருடைய நண்பர் யாக்கோப் கொலெச்கா, பிணத்தை அறுத்து ஆராயும்போது கத்தியாற் காயமுற்று, தாய்மார்க்கு வந்த நோயை ஒத்த நோயால் மாண்டார். பிணவறையிலிருந்து நேரே மகப்பேற்றறைக்கு வரும் மாணவரின் கைகளே நோயைக் கொணர்கின்றன என்று செம்மல்வைஸ் துணிந்தார். சோப்பினாற் கழுவிய பின்னும் கையில் பிணநாற்றம் எஞ்சியதால், குளோரின் சேர்ந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவுமாறு அவ்வாண்டு மேத் திங்களில் விதித்தார். ஏப்பிரலில் நூற்றுக்குப் பதினெண்மராக இருந்த சாவு சூன் திங்களில் நூற்றுக்கு இருவர் அளவிற்கு இறங்கிற்று.

இவ்வளவு தெளிவான சான்றிருந்தும் அக்கால மருத்துவர் பலர் அவர் கூற்றை ஏற்கவில்லை. மருத்துவரின் கையே நோயைத் தந்தது என்பதை ஏற்க மனம் இடந்தரவில்லை என்பது ஒரு காரணம். கையில் ஒட்டியிருந்தது யாது என்று கூறச் செம்மல்வைஸிடம் உரிய கருத்தும் சொல்லும் இல்லை என்பது மற்றொன்று. பிணத்திலிருந்து வந்த அழுகிய துகள் என்றே அவர் குறித்தார். அது தானே பெருகவல்ல உயிர் என்பது அவர்க்குத் தெரியாது. 1861இல் தம் நூலை வெளியிட்ட அவர், 1865இல் மறைந்தார். அதன் பின்னரே பாஸ்டரின் ஆய்வுகளை அடியாகக் கொண்டு 1867இல் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தை அறுவை மருத்துவத்திற் பயன்படுத்திய முறையை வெளியிட்டார். 1876இல் அடைப்பான் நோய்க்கும், 1882இல் காச நோய்க்கும் உரிய பாக்டீரியாக்களை ராபர்ட் காக் நிறுவிக் காட்டினார். 1884இல் கல்கத்தாவில் ஆய்வு செய்த அவர், ஒரு குளத்து நீரிலும் காலராவின் நுண்ணுயிரைக் கண்டார்.

அதுவரை நோய்களுக்குப் பெயர் அவற்றின் குறிகளால் அமைந்தது. வாந்திபேதி, எலும்புருக்கி, மஞ்சட்காமாலை என்னும் நம் பெயர்களும் அத்தகையனவே. நோய்முதல் கண்டறியப்பட்டபின், குறியாற் பெற்ற பெயர் போதாதாயிற்று. மஞ்சட்காமாலை என்பது ஒரு குறி. கல்லீரலைத் தாக்கும் வைரஸ்களால் அக்குறி தோன்றுவது பெரும்பான்மை. அவற்றுள் 'ஏ', 'ஈ' என்னும் வகைகள் மலங்கலந்த நீராலும் உணவாலும் பரவுகின்றன. 'பி', 'சி' என்பன குருதியாற் பரவுகின்றன. முன்னவற்றிற்குக் குடிநீரைக் காய்ச்சுதலும் கை கழுவுதலும் காப்பு. பின்னவற்றிற்கு ஊசியைக் கவனத்தோடு கையாளுதல் காப்பு. 'பி' வகைக்குத் தடுப்பூசி உண்டு. 'சி' வகைக்கு இல்லை. 'மஞ்சட்காமாலை நோயாளி' என்னும் ஒரே தொடரைக் கேட்டுப் பணியாற்றும் செவிலியர் எதனைக் காப்பது, எதனிலிருந்து தம்மைக் காப்பது? இனமும் சார்பும் அறியாமல் அவர் விடை காணல் இயலாது.

யாழ்ப்பாணத்து முயற்சி

தமிழில் மேனாட்டு மருத்துவத்தைக் கற்பிக்கும் முயற்சி புதிதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவக் கல்வி அளித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்தவர் 1864 முதல் தமிழிற் கற்பிக்கலானார். மாணவர் துணையோடு அவர் வெளியிட்ட நூல்களுள் 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்' என்பன குறிப்பிடத்தக்கவை. உடற்கூற்றிற்கும் அறுவை மருத்துவத்திற்கும் வேதியியலுக்கும் தமிழ்ச் சொற்கள் அவர் காலத்தில் நூலேறின.

இங்கே கால வரிசையை உற்று நோக்குதல் வேண்டும். 'இரண வைத்தியம்' வெளிவந்தது 1867இல்; லிஸ்டரின் கட்டுரை வெளிவந்ததும் அதே ஆண்டில். கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கியது 1873இல். காக் காச நோயின் நோய்முதலை அறிவித்தது 1882இல். ஆகவே, தமிழ் மருத்துவக் கலைச்சொற்களுக்கு அடித்தளம் இடப்பட்டபோது நுண்ணுயிரியல் என்னும் துறையே உருவாகவில்லை. எலும்புக்கும் நரம்புக்கும் அமைந்தது போன்ற ஒழுங்கான சொற்றொகுதி நுண்ணுயிர்களுக்கு அக்காலத்தே அமையாமற் போனதற்கு இது தக்க காரணமாகும். பிற்காலத்தார் வெவ்வேறிடங்களில் வெவ்வேறு சொற்களை ஆக்கினர். தமிழகத்தார் நுண்ணுயிரி என்பதை இலங்கையார் நுண்ணங்கி என்பர். இங்கே பாக்டீரியா, அங்கே பற்றீரியா. இங்கே பூஞ்சை, அங்கே பங்கசு. வேற்றெழுத்தொலியை நீக்கித் தமிழெழுத்தோடு புணர்த்தல் வடசொல்லுக்குத் தொல்காப்பியர் கூறிய நெறி. அந்நெறியைப் பிறமொழிச் சொல்லுக்கும் பொருத்தி நோக்கின், பற்றீரியா என்பது அதற்கு மிகவும் இயைந்த வடிவம்.

கிறீனின் நூற்பெயர்களில் ஒன்றாகிய 'கெமிஸ்தம்' நமக்கு ஒரு பாடம் புகட்டுகின்றது. உரிய சொல் கிடையாதவிடத்து வேற்றுமொழிச் சொல்லையே தமிழுருவில் அமைத்துக்கொள்ள அவர் தயங்கவில்லை. தமிழாக்கம் என்னும் பெயரால் இரு பொருளை ஒரு சொல்லில் அடைப்பதினும் இது நன்று.

உயிர்வகையும் செயல்வகையும்

கிருமி என்பதனுள் அடங்கியவற்றை இனி வகுத்துக் காண்போம்.

பாக்டீரியா ஓரணு உயிர். அதன் பெயர் கிரேக்க மொழியிற் சிறு கோல் என்னும் பொருளது. அதற்கு உயிரணுச் சுவர் உண்டு, உட்கரு இல்லை. ஏற்ற சூழலில் தானே இரண்டாகப் பிளந்து பெருகும்; குடல்வாழ் பாக்டீரியா ஒன்று இருபது நிமிடங்களில் இரண்டாகும். பெனிசிலின் இச்சுவர் அமைவதைத் தடுத்துப் பாக்டீரியாவை அழிக்கின்றது.

வைரஸ் என்பது இலத்தீனில் நஞ்சு. அதற்கு உயிரணு அமைப்பே இல்லை. வேறோர் உயிரணுவினுட் புகுந்தாலன்றி அது பெருகாது. சுவரில்லாத ஒன்றைச் சுவரைத் தாக்கும் மருந்து யாது செய்யும்? சளிக்காய்ச்சலுக்குப் பெனிசிலின் பயன்படாமைக்குக் காரணம் இதுவே. 'நச்சுயிரி' என்னும் தமிழாக்கம் இலத்தீன் பொருளைக் காக்கின்றது. ஆயின் அதனை உயிரி என்று துணிந்து கூறுகின்றது. 'தீநுண்மி' என்பது உயிர் உண்டா இல்லையா என்னும் வழக்கிற் புகாமல் நுண்மையை மட்டும் சுட்டுகின்றது. இரண்டனுள் பின்னது அறிவியல் நிலைக்கு அணுக்கமானது.

பூஞ்சை நம் உயிரணுக்களைப் போன்று உட்கருவுடைய அணுக்களால் ஆனது. அதனாலேயே, நம்மைத் தாக்காது அதனை மட்டும் தாக்கும் மருந்துகள் சிலவாக உள்ளன. பாக்டீரியாவிற்கு நெடுநாள் மருந்துண்ட நோயாளியின் வாயில், இயல்பாக வாழும் பாக்டீரியாக்கள் அழிய, பூஞ்சை வெண்படலமாகப் படர்வதுண்டு. நோயாளியின் வாயைத் துடைக்கும் செவிலியரே இதனை முதலிற் காண்பவர். 'கிருமிக்கு மருந்து தருகிறோமே, கிருமி எவ்வாறு வந்தது' என்று அவர் திகைப்பாராயின், அத்திகைப்புச் சொல்லால் விளைந்தது.

ஒட்டுண்ணிகளுள் ஓரணு உயிரும் உண்டு, புழுவும் உண்டு. மலேரியாவின் ஒட்டுண்ணியைக் கொசுவின் உடலிற் செகந்தராபாத்தில் 1897இல் ரொனால்டு ராஸ் கண்டார். இங்கே காப்பாவது கொசுவலை. குடற்புழுவோ பழைய கிருமியே. சொல் சுற்றி வந்து தன் முதற்பொருளிலேயே நிற்கின்றது.

இப்பகுப்பைக் கொண்டு நோக்கின், வழக்கிலுள்ள 'நுண்ணுயிர்க்கொல்லி' என்னும் மருந்துப் பெயரின் குறை புலப்படும். நுண்ணுயிரியலில் வைரஸும் பூஞ்சையும் நுண்ணுயிர்களோடு சேர்த்துக் கற்பிக்கப்படுகின்றன. எனவே இம்மருந்து அனைத்தையும் கொல்லும் என்றே மாணவர் பொருள் கொள்வர். மேலும், இவ்வகை மருந்துகளுள் டெட்ராசைக்கிளின் போன்றவை பாக்டீரியாவைக் கொல்லாமல் அதன் பெருக்கத்தையே தடுக்கின்றன. ஆதலின் 'பாக்டீரியத் தடுப்பு மருந்து' என்பது நீண்டதாயினும் மயக்கம் தராது.

தூய்மையின் படிநிலைகள்

மாணவியர் குறிப்பேடுகளிற் கண்ட இரண்டாவது மயக்கம் தூய்மை பற்றியது. கழுவுதல், தொற்றுநீக்கல், அழுகல்தடுத்தல், முற்றழித்தல் என்னும் நான்கு செயல்களும் 'தூய்மை செய்தல்' என்றோ 'கிருமிநாசினி இடல்' என்றோ எழுதப்பட்டிருந்தன. இவை ஒன்றல்ல.

கழுவுதல் அழுக்கையும் குருதியையும் நீக்குவது. எஞ்சிய மூன்றிற்கும் இது முற்படவேண்டும்; குருதிப் படலம் தன்கீழ் உள்ள நுண்ணுயிரை மருந்திலிருந்து மறைத்துக் காக்கும். தொற்றுநீக்கல் உயிரற்ற பொருளின்மேற் செய்வது. பெரும்பாலான நுண்ணுயிர்களை அழித்தாலும் அனைத்தையும் அழிப்பதன்று. அழுகல்தடுத்தல் தோல் முதலிய உயிருள்ள உறுப்பின்மேற் செய்வது. முற்றழித்தல் எந்த நுண்ணுயிரும் எஞ்சாமல் அழிப்பது. அழுத்தம் மிக்க நீராவிக் கலத்தில் 121 பாகை செல்சியசு வெப்பத்தில் குறைந்தது 15 நிமிடம் வைத்தல் இதற்கு வழக்கமான முறை. ஏர்ல் ஸ்பால்டிங் என்னும் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் 1968இல் வெளியிட்ட பகுப்பின்படி, உடலின் உள்ளிடங்களிற் புகும் அறுவைக் கத்தி போன்றவற்றிற்கு முற்றழித்தல் வேண்டும்; வாய், குடல் முதலியவற்றின் உட்சவ்வைத் தொடும் கருவிகட்கு உயர்நிலைத் தொற்றுநீக்கல் வேண்டும்; புண்ணற்ற தோலை மட்டும் தொடுவனவற்றிற்கு எளிய தொற்றுநீக்கலோ கழுவுதலோ போதும். கருவி எங்கே படும் என்பதைக் கொண்டு செயல் வேறுபடுகின்றது. செயல் வேறுபடின் சொல்லும் வேறுபடல் வேண்டும் அன்றோ?

'தூய' என்னும் அடை விளைத்த பிழை ஒன்றையும் ஈண்டுக் கூறலாம். தூய ஆல்கஹால் நீர் கலந்த ஆல்கஹாலினும் வலியது என்று ஒரு குறிப்பேட்டிற் கண்டேன். உண்மை அதற்கு மாறானது. நுண்ணுயிரின் புரதத்தைச் சிதைக்க நீர் வேண்டும். ஆதலின் நூற்றுக்கு எழுபது பங்கு ஆல்கஹாலும் எஞ்சியது நீருமாகிய கலவையே நன்கு தொழிற்படுகின்றது.

இதனினும் நுட்பமானது 'வித்து' என்னும் சொல். சில பாக்டீரியாக்கள் இடுக்கண் வந்தபோது தம்முள் ஒரு கடிய உறையை அமைத்து உறங்குநிலை எய்தும். ஆங்கிலத்தில் இதற்கும் பூஞ்சையின் இனப்பெருக்கத் துகளுக்கும் ஸ்போர் என்பதே பெயர். தமிழாக்கத்தில் இரண்டும் வித்து ஆயின. பூஞ்சைக்கு அச்சொல் பொருந்தும். வித்து முளைத்துப் பலவாகும். பாக்டீரியாவிற்குப் பொருந்தாது, ஓரணு ஓருறையையே ஆக்கும், அவ்வுறையிலிருந்து மீண்டும் ஓரணுவே வெளிப்படும். பெருகுதற்கு ஆகாமல் பிழைத்திருத்தற்கே அமைந்த அதனை 'உறைநிலை' எனல் தகும். இந்நிலையில் உள்ளதை ஆல்கஹால் அழிப்பதில்லை. கிளாஸ்டிரிடியம் டிஃபிசில் என்னும் பாக்டீரியாவால் வயிற்றுப்போக்குற்றவரைப் பேணியபின் ஆல்கஹால் தடவுதல் போதாது. சோப்பும் நீரும் கொண்டு கழுவி நீக்குதல் வேண்டும். இரண ஜன்னியைத் தரும் பாக்டீரியாவும் உறைநிலை எய்தி மண்ணில் நெடுங்காலம் கிடப்பது. முற்றழிக்கப்படாத அலகால் கொப்பூழ்க்கொடி அறுக்கப்பட்ட பச்சிளங்குழவிகள் எத்தனையோ இந்நோயால் மாண்டன. தாய்மார்க்குத் தடுப்பூசி, மருத்துவமனைப் பேறு, தூய கொடியறுப்பு என்பன பரவியமையால் தாய்சேய் இரண ஜன்னி 2015இல் இந்தியாவில் ஒழிப்புநிலை எய்தியதாக உலக நலவாழ்வு நிறுவனம் உறுதிசெய்தது. இவ்வெற்றியில் உழைச்செல்வாரின் பங்கு பெரிது.

எதிர்ப்பது யார்?

மூன்றாவது மயக்கம் 'எதிர்ப்பு' என்னும் சொல்லில் உள்ளது. உடல் நோயை எதிர்ப்பது நோயெதிர்ப்பாற்றல். பாக்டீரியா மருந்தை எதிர்ப்பது மருந்தெதிர்ப்பு. முன்னது நமக்கு நன்மை, பின்னது தீமை. இரண்டிற்கும் சொல் ஒன்று. 'எதிர்ப்புச் சக்தி கூடிவிட்டது' என்று மருத்துவமனையிற் கூறக் கேட்கும் முதியவர் மகிழ்வாரா, வருந்துவாரா? வினைமுதல் கூறப்படாத தொடரில் அவர் தம் உடலையே வினைமுதலாகக் கொள்வது இயல்பு.

இம்மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. 2015இல் உலக நலவாழ்வு நிறுவனம் இந்தியா உள்ளிட்ட 12 நாடுகளிற் செய்த கணிப்பில், மருந்தெதிர்ப்பு என்பது உடல் மருந்தை எதிர்ப்பதே எனக் கருதியோர் நூற்றுக்கு 76 பேர். சளிக்கும் சளிக்காய்ச்சலுக்கும் பாக்டீரியத் தடுப்பு மருந்து பயன்படும் என எண்ணியோர் நூற்றுக்கு 64 பேர். எதிர்ப்பது பாக்டீரியா என்பதை அறியாதவர், தம் உடல் வலிமையுடையதாயின் தமக்கு இடரில்லை என்று கொள்வர். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவோ உடல்வலியாரையும் பற்றும். ஒருவரிடமிருந்து மற்றவர்க்குச் செவிலியரின் கை வழியாகவும் செல்லும். 2019ஆம் ஆண்டில் இத்தகைய பாக்டீரியாக்களை நேர்க் காரணமாகக் கொண்டு உலகில் இறந்தோர் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் என 2022இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது.

ஆங்கிலச் சொல்லில் உள்ள குறையைத் தமிழும் சுமக்க வேண்டுவதில்லை. உடலின் ஆற்றலுக்கு எதிர்ப்பு என்னும் சொல்லை விட்டுவிடலாம்; அது மக்கள் வழக்கில் வேரூன்றியது. பாக்டீரியாவின் தன்மைக்கு 'மருந்துக்கு அடங்காமை' என்னும் தொடரை ஆளலாம். 'மருந்துக்கு அடங்காத பாக்டீரியா' என்னும்போது அடங்காதது எது என்னும் ஐயத்திற்கு இடமில்லை. அடங்காமை தீமை என்பதும் சொல்லாலேயே விளங்கும். எழுத்தறியாத நோயாளிக்கும் இத்தொடர் புரியும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிவுகளைத் தொகுத்துக் கூறுவோம்.

ஒன்று: பணியாளர் செய்யும் செயல் எங்கே வேறுபடுகின்றதோ, அங்கே சொல்லும் வேறுபடல் வேண்டும். கலைச்சொல் அழகியதா, தனித்தமிழா என்னும் வினாக்கள் இதற்குப் பிற்பட்டவை.

இரண்டு: நிலைபெற்ற தமிழ்ச்சொல் இல்லாதவிடத்துப் பாக்டீரியா, வைரஸ் போன்ற வேற்றுமொழிச் சொற்களைத் தமிழெழுத்தில் ஆளுதல் குற்றமன்று. இரு பொருளை ஒரு சொல்லாற் கூறி மயங்கவைத்தலே குற்றம்.

மூன்று: செவிலியர்க்குரிய கலைச்சொல், வகுப்பறையோடு நில்லாமல் நோயாளியின் படுக்கையருகிலும் பேசத்தக்கதாதல் வேண்டும். சொற்பட்டியல் ஆக்குவோர் அங்கே சென்று செவிமடுத்தல் நன்று.

நான்கு: கிருமி என்னும் சொல்லை ஒதுக்க வேண்டுவதில்லை. செயல் பொதுவாகுமிடத்துப் பொதுச்சொல் போதும். உலக நலவாழ்வு நிறுவனம் 2009இல் கைத்தூய்மைக்கு ஐந்து வேளைகளை வகுத்தது. நோயாளியைத் தொடுமுன், தூய செய்முறைக்கு முன், உடல் நீர்மங்கள் பட நேர்ந்தபின், நோயாளியைத் தொட்டபின், நோயாளியைச் சூழ்ந்த பொருள்களைத் தொட்டபின் என்பன அவை. இவ்வைந்து வேளையிலும் 'கையில் கிருமி இருக்கும், கழுவுக' என்றால் தவறில்லை. எவ்வகைக் கிருமிக்கு எம்முறையிற் கழுவுவது என்னும் வினா எழுமிடத்தேதான் கிளந்து கூறல் வேண்டும்.

அவ்வைந்தனுள் இறுதியது சிந்திக்கத்தக்கது. நோயாளியைத் தொடாவிடினும் அவர் கட்டிலின் கம்பியையோ தலையணையையோ நீர்க்குவளையையோ தொட்டால் கை கழுவுதல் வேண்டும் என்கின்றது அது. அக்கட்டிலும் தலையணையும் குவளையும் உள்ள இடமே வள்ளுவர் கூறிய உழை. அங்கே செல்வார்க்கு நுண்ணுயிரியல் கற்பிக்கும் ஆசிரியர் பலர் உளர். மயக்கமற்ற சொல்லை ஆக்கித் தரும் கடன் தமிழ்த்துறையினராகிய நம்முடையது. செவிலியர் பள்ளிகளின் குறிப்பேடுகளை நம் முதுகலை மாணவர் ஆய்வுப் பொருளாகக் கொள்வாராயின், அக்கடனை ஆற்றத் தொடங்கியவராவோம்.